நான் ஊறவைத்த மந்திரங்கள்

அந்த விளையாட்டில் வருகிற மந்திரவாதிகள் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே எரிச்சல். கையை நீட்டுவார்கள், ஒரு வார்த்தை சொல்வார்கள், நெருப்பு பாயும். காலையில் புத்தகத்தைப் புரட்டிவிட்டு மதியமே மலையைப் பெயர்ப்பார்கள். உலகத்தில் எந்த வேலை அப்படி நடக்கிறது? நான் ஆம்பூர் பக்கத்தில் ஒரு தோல் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு ஆட்டுத்தோல் உப்போடு வந்து இறங்கி, செருப்புக்கோ கைப்பைக்கோ ஆகிற பதத்துக்கு வருவதற்குள் எத்தனை நாள், எத்தனை பேர் கை என்று தினமும் பார்க்கிறேன். என் கண்ணுக்கு அந்த மந்திரவாதிகள் வெறும் சோம்பேறிகளாகத்தான் தெரிந்தார்கள்.

விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், திருடி, வைத்தியன், மந்திரவாதி. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மேசையில் விரித்த கட்டத்தாளில் ஒரு காய் உண்டு. "கதவை உடைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்டினால், உடைந்தது கதவா கையா என்பதை விழுகிற எண் சொல்லும். எந்தப் பாத்திரத்தால் என்ன முடியும் என்பதற்கு ஆங்கிலத்தில் தடித்தடியாக விதிப்புத்தகங்கள் உண்டு. அதில் இல்லாததை நாமே யோசித்து எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம்; அதற்கு ஹோம்ப்ரூ என்று பேர்.

எங்கள் மேசை வேலூரில், கதையை நடத்துகிறவன் வீட்டு மாடியில். அவனும் நானும் கல்லூரியில் ஒரே வகுப்பு, வேதியியல். நான் வேதியியலிலேயே தங்கிவிட்டேன்; அவன் கம்ப்யூட்டர் வேலைக்குத் தாவி, வீட்டில் இருந்தபடியே வேலை செய்கிறான். இன்னொருத்தி என் தோழி. விடுதியில் மூன்று வருடம் ஒரே அறை, இப்போது வங்கியில் இருக்கிறாள். நாலாவது ஆள் அணைக்கட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். எங்கள் வயதுதான், ஆனாலும் "சார்" என்றே கூப்பிடுவோம். அவர்களுக்கு ஞாயிறு விடுமுறை. எங்கள் தொழிற்சாலைக்கு வெள்ளிக்கிழமை. முதலாளியும் பாதித் தொழிலாளிகளும் தொழுகைக்குப் போகிற நாள் என்பதால் இந்தப் பக்கம் பல இடங்களில் அப்படித்தான். ஞாயிறு காலை ஷிஃப்டை முடித்துவிட்டு, பஸ்ஸில் தூங்கி வழிந்து, நாலு மணிக்கு அந்த மாடியேறுவேன். வாரத்தில் நான் வாய்விட்டுச் சிரிக்கிற இடம் அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிறு, சோம்பேறி மந்திரவாதிகளைப் பற்றி நான் புலம்பியபோது அவன் சிரித்தான்.

"அவ்ளோ பேஜாரா இருந்தா நீயே ஒரு மந்திரவாதிய செய்யேன்பா. இன்னா கொறஞ்சிடப் போவுது?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். நான் மறுநாளே ஒரு நீள நோட்டு வாங்கிவிட்டேன்.

என் மந்திரவாதிக்குப் பதக்காரி என்று பேர் வைத்தேன். பதம் பார்க்கிறவள். அவளால் மந்திரத்தை உடனே ஏவ முடியாது, ஊறவைக்க வேண்டும். அவளிடம் கண்ணுக்குத் தெரியாத மூன்று தொட்டிகள் இருக்கின்றன. முதல் தொட்டி உப்பு: அதில் மந்திரம் கெடாது, வளரவும் வளராது. இரண்டாவது சுண்ணாம்பு: வேண்டாததைக் கழற்றிவிடும். இடியை இறக்க வேண்டும், ஆனால் சத்தம் கூடாது என்றால், சுண்ணாம்பில் போட்டுச் சத்தத்தை மட்டும் உரித்துவிடலாம். மூன்றாவது ஆவாரம்பட்டை: இருக்க இருக்க மந்திரம் உறுதியாகும். எங்கள் தொழிற்சாலையில் பட்டையெல்லாம் கிடையாது, குரோம் ரசாயனம்தான். குரோம் போட்டு மந்திரம் செய்தால் மாசுக் கட்டுப்பாட்டு ஆட்கள் வந்து நிற்பார்கள் என்று அதை விட்டுவிட்டேன். ஊறுவதற்கு முன் பச்சையாக வெளியே எடுத்தாலும் மந்திரம் வேலை செய்யும், ஆனால் நாறும். அளவுக்கு மீறி ஊறினால் கையோடு பிய்ந்து வரும். எப்போது எடுப்பது என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

மந்திரங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது "வரி பார்த்தல்". தரம் பிரிக்கிற மேசையில் தோலை விரித்தால் முள்கம்பி கீறியது, உண்ணி கடித்தது, அம்மை வந்து ஆறியது என்று அந்த ஆடு பட்டதெல்லாம் வரிவரியாகத் தெரியும். பதக்காரி ஒருவர் கையைத் தொட்டால், அவர் யாரிடமும் சொல்லாத ஒரு பழைய காயம் அவளுக்குத் தெரிந்துவிடும். இதைப் படித்துக் காட்டியபோது சார் தன் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

அப்புறம் வியாழக்கிழமை விதி. வெள்ளி விடுமுறை என்பதால் எங்கள் ஆட்கள் வியாழக்கிழமை புதிதாகத் தோலைச் சுண்ணாம்பில் இறக்க மாட்டார்கள். சுண்ணாம்பில் கிடக்கிற தோலைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். புரட்ட ஆள் இல்லாமல் ஒரு நாள் கிடந்தால் தளர்ந்துபோகும். அதனால் வியாழக்கிழமை வருகிற சரக்கு உப்பிலேயே காத்திருக்கும். இதை அப்படியே எழுதினேன்: ஓய்வு நாளுக்கு முந்தைய நாள் எந்த மந்திரமும் சுண்ணாம்புக்குள் இறங்கக் கூடாது. எதிரி அந்த நாளைக் கண்டுபிடித்துவிட்டால் பதக்காரி மாட்டிக்கொண்டாள் என்று அர்த்தம்.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. என் ஆங்கிலம் பரிசோதனை அறிக்கை எழுதும் அளவுக்குத்தான் வரும். அதனால் தமிழில் நோட்டில் எழுதி, படம் பிடித்து அவனுக்கு அனுப்புவேன். புரியாத இடங்களைக் குரல்பதிவாகப் பேசி விளக்குவேன். "நான் இங்கிலீஷ்ல டைப் பண்ணி வெக்கிறேன், நம்ம மேசைக்கு ஒரு காப்பி இருக்கட்டும்" என்றான். அடுத்த ஞாயிறு போனால் குறிப்புகளோடு காத்திருப்பான்.

"மூணாவது தொட்டி ரொம்ப ஸ்ட்ராங்பா. கொஞ்சம் கம்மி பண்ணு."

"மொத ரெண்டு நாளு மந்திரம் எதுவும் ஊறியிருக்காதே, அதுவரைக்கும் புதுசா ஆடறவங்க இன்னா பண்ணுவாங்க? சும்மா உக்காந்துனு இருப்பாங்களா?"

எனக்கு ஆச்சரியமாக இருக்கும். நான் எழுதியதை ஒருவன் வாரம் முழுக்க மனதில் போட்டுப் புரட்டியிருக்கிறானே என்று. என் வாழ்க்கையில் நான் எழுதிய எதையும் யாரும் இரண்டாவது முறை படித்ததில்லை. மேலதிகாரிகூட அறிக்கையின் கடைசி வரியை மட்டும்தான் பார்ப்பார். அவன் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு பதில் கண்டுபிடித்தேன். ஊறாத நாட்களில் பதக்காரி உப்புத் தூளை வைத்தே சின்னச் சின்ன வித்தைகள் செய்வாள் என்று சேர்த்தேன். உண்மையிலேயே அதனால் அவள் மெருகேறினாள்.

"முடிச்சதும் உன் பேரு போட்டு நெட்ல விட்டுடலாம். உலகம் பூரா ஆடுவாங்க" என்று அவன்தான் சொன்னான். நானாகக் கேட்கவில்லை. ஆனால் சொன்ன பிறகு அந்த ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது. அட்டையில் பேரை இனிஷியலோடு போடுவதா, இனிஷியல் இல்லாமலா என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எழுதிப் பார்த்தேன். பணத்துக்கு அதில் வழியே இல்லை, எல்லோரும் இலவசமாகத்தான் போடுகிறார்கள். எனக்கு வேண்டியதெல்லாம் இதை யோசித்தவள் இவள் என்று ஒரு வரி.

ஒரு நாள் மதியம் கேன்டீனில், சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனில் தேடினேன். வேறு யாராவது தோல் பதனிடுகிற மந்திரவாதியை ஏற்கெனவே செய்திருந்தால், நாம் காப்பியடித்ததாக ஆகிவிடக் கூடாதே என்று பயம். என் நேர்மையை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. முதல் தேடலிலேயே வந்தது. ஆங்கிலத்தில், அழகான படத்தோடு ஒரு பிடிஎஃப். மூன்று தொட்டிகள், உப்பு, சுண்ணாம்பு, பட்டை. ஐயோ, எவனோ முந்திவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். நாலாவது பக்கம் வந்தேன். ஓய்வு நாளுக்கு முந்தைய நாள் எந்த மந்திரமும் சுண்ணாம்புக்குள் இறங்கக் கூடாது.

வியாழக்கிழமை சுண்ணாம்பு போடாதே என்று இந்த ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிக்கு வெளியே யாருக்குத் தோன்றும்? மேலே போய்ப் பார்த்தேன். அட்டையில் அவன் பேர். இனிஷியலோடு. கடைசிப் பக்கத்தில், ஆடிப் பார்த்து உதவியவர்கள் என்று மூன்று பேர்: சார், தோழி, மூன்றாவதாக நான்.

கீழே கருத்துகள் இருந்தன. யாரோ ஒருவர், இந்த ஓய்வு நாள் விதி அருமை, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார். "பல பண்பாடுகளிலிருந்து" என்று இவன் பதில் போட்டிருந்தான். அது எங்கள் வெள்ளிக்கிழமை. அதைக்கூட அவனால் சொல்ல முடியவில்லை.

இன்னும் கீழே போனேன். முதல் பகுதியை ஏழு மாதத்துக்கு முன்பே போட்டிருக்கிறான். மூன்றாவது தொட்டி அளவுக்கு மீறிப் பலமாக இருக்கிறது என்று கனடாக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். முதல் இரண்டு நாள் புதியவர்கள் என்ன செய்வார்கள் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் அவன் யோசித்து யோசித்துச் சொன்னதாக நான் நம்பிய குறைகள் எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. அவன் என் மந்திரங்களைப் பற்றி ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. ஊரார் கேட்டதை என்னிடம் கேட்டு, நான் சொன்னதை ஊராருக்குச் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். பேர் போனதைவிட அதுதான் என்னை அறைந்தது. எட்டு மாதம் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான், நானும் குனிந்து காட்டியிருக்கிறேன். தட்டில் சோறு காய்ந்து போயிற்று.

அந்த ஞாயிறு மாடியேறியதும் பகடையை எடுக்கவில்லை, போனைத்தான் மேசையில் வைத்தேன். அவன் எட்டிப் பார்த்தான். முகம் ஒரு நொடிதான் மாறியது.

"நானே சொல்லணும்னு இருந்தேன்பா."

"எப்போ? எனக்குப் பேரன் பொறந்த பிறகா?"

"கோவப்படாத. நீ சொன்ன, நான் எழுதினேன். எழுதினவன் பேருதானே போடுவாங்க? அதில ஒரு வரி நீ இங்கிலீஷ்ல எழுதினியா சொல்லு."

சார் பகடைகளை நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். தோழிதான் எழுந்தாள்.

"டேய், இது தப்புடா. அவ சோறு தண்ணி இல்லாம உக்காந்து யோசிச்சது. மொதல்ல பேர மாத்து."

"சரி, மாத்திடறேன். இதுக்குப் போய் இவ்ளோ பேசணுமா?" என்றான்.

தோழி என்னோடு பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். டீ வாங்கிக் கொடுத்தாள், நான் அழுதபோது கூட்டத்துக்கு முன்னால் மறைத்தமாதிரி நின்றாள். அன்று அவளைப் பெற்ற வயிற்றைக் கும்பிடலாம் போல இருந்தது. திங்கட்கிழமை பிடிஎஃப் மாறியிருந்தது. உதவியவர்கள் என்ற இடத்தில் சிறப்பு நன்றி என்று போட்டு, என் பேரை முதலாவதாக ஏற்றியிருந்தான். அட்டை அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு நான் அந்த மாடியேறவில்லை.

மூன்று வாரம் கழித்து அவனே போன் செய்தான். பச்சையாக எடுத்த மந்திரத்தின் நாற்றத்தைப் பற்றி நெட்டில் பெரிய சண்டையாம். அந்த நாற்றம் என்ன செய்யும், எப்படிப் போகும், யார் பகடை உருட்டுவது? நாறும் என்று மட்டும் நான் எழுதியிருந்தேன், மற்றதை அப்புறம் சொல்கிறேன் என்று விட்டிருந்தேன்.

"மொதல்ல பேர போடு. அப்புறம் கேளு."

"போடறேன்பா. எல்லாரும் காத்துனு இருக்காங்க, இத மட்டும் சொல்லிடு."

போனை வைத்துவிட்டேன். அவன் நம்பரையும் பிளாக் செய்துவிட்டேன். பதில் தெரிந்தவள் நான் ஒருத்தி, அது என்னிடம்தான் இருக்கும் என்ற திமிர் அன்று எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் தோழி கூப்பிட்டாள். வங்கியில் புதிதாக மூன்று பேரைப் பிடித்துவிட்டாளாம், தனியாக ஒரு மேசை போடப் போகிறாளாம்.

"நான் பதக்காரிதான் எடுக்கப் போறேன்டி. உன் பேர சொல்லித்தான் ஆடுவேன். அந்த நாத்தம் மட்டும் எப்படின்னு சொல்லிடேன், அவங்க கேட்டா முழிக்கக் கூடாதுல்ல."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருத்தியாவது என் பேரைச் சொல்லி ஆடப் போகிறாளே. அம்மாவிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். மாலை பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் திடீரென்று எழுந்து நின்றுகொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறாள் என்று நினைத்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலூர் வரைக்கும் நின்றே வந்தாள். இரண்டு நாள் கழித்து ஒரு பெரியவர் அதேபோல எழுந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் இடித்து உட்காருகிறேனோ என்று சன்னலோரமாக ஒடுங்கிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து எங்கள் செக்‌ஷனில் ஒரு அக்கா என் கையில் ஒரு சோப்பை வைத்து, "நமக்குத் தெரியாது பாப்பா, மூக்கு பழகிடும். அடுத்தவங்க நகர்றத வெச்சிதான் தெரிஞ்சிக்கணும்" என்றார். அன்று கழிப்பறையில் நின்று தோலே உரிகிற மாதிரி தேய்த்தேன்.

"அதனால பதக்காரி பகடை உருட்டக் கூடாதுடி" என்று தோழியிடம் சொன்னேன். "அவளுக்கு நாத்தம் தெரியவே கூடாது. யாரும் வாய தொறந்து சொல்லவும் கூடாது. மத்தவங்க பேசாம அவங்கவங்க காய ஒரு கட்டம் தள்ளி வெச்சிடணும். அவளா பாத்து, அவளா புரிஞ்சிக்கணும்."

மறுமுனையில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"மெதுவா சொல்லுடி, எழுதிக்கிறேன்" என்றாள்.

மெதுவாகச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

திங்கட்கிழமை அவன் பிடிஎஃப் போட்டிருந்த பக்கத்தில் "எழுதியவரின் குறிப்பு" என்று ஒன்று வந்திருந்தது. நான் தோலுக்குப் பேர்போன ஊரைச் சேர்ந்தவன் என்று தொடங்கியது. முதல் வேலைக்குப் போன மாதம், பேருந்தில் என் பக்கத்தில் குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள் என்று போயிற்று. தொழிற்சாலைக் கேட்டைக்கூடத் தாண்டாதவன் எழுதியிருந்தான். என் பஸ், என் சன்னலோரம், என் சோப்பு, எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அவன் எழுதியதில், அவனுக்கே தன் நாற்றம் தெரிந்துவிடுகிறது. வெட்கப்பட்டு, அவனே எழுந்து அந்தப் பெண்ணை நிம்மதியாக உட்காரவிடுகிறான். ஆகவே விதி: நாற்றம் வந்ததும் மந்திரவாதி பகடை உருட்டி அதை மறைக்க முயலலாம். அதற்குக் கீழே அழுகிற முகங்களும் கூப்பிய கைகளும் நிறைந்து கிடந்தன.

தோழிக்குப் போன் போட்டேன். அவள் மறைக்கவில்லை.

"அவன் கெஞ்சினான்டி. உங்க ரெண்டு பேர் சண்டையில அந்தக் கேம் பாதியில நிக்கக் கூடாதுன்னுதான்."

"வங்கியில மேசை?"

"போடலாம்னு இருந்தேன்" என்றாள்.

"பஸ்ஸையும் சேத்துக் குடுத்தியேடி, பாவி."

"அது சொன்னாதானே அவனுக்கு ரூலே புரியும்?"

புரிந்ததாம். அவளோடு அதற்குப் பிறகு நான் பேசவில்லை. ஒரே அறையில் மூன்று வருடம் படுத்தவள், என்னிடம் இருந்த கடைசித் துண்டையும் வாங்கிக்கொண்டுபோய் அவன் கையில் வைத்துவிட்டாள். அவனைவிட அவள் மேல்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

பேரை விட்டுவிடலாம் என்றுகூட ஒரு கட்டத்தில் நினைத்தேன். ஆனால் அந்தத் தப்பான விதியை விட முடியவில்லை. எங்கெங்கோ முகம் தெரியாதவர்கள் அதை அப்படியே ஆடப் போகிறார்களே. அந்தத் தளத்தில் புதிதாகக் கணக்குத் திறந்து, என் பரிசோதனை அறிக்கை ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். அடித்து அடித்து எழுத ஒரு சாப்பாட்டு இடைவேளை முழுக்க ஆயிற்று. இந்த விதி தவறு. நாற்றம் உள்ளவளுக்கு அது தெரியாது. அவள் பகடை உருட்டக் கூடாது, மற்றவர்கள்தான் நகர வேண்டும். அன்றைக்கு அந்தப் பேருந்தில் எழுந்து நின்றது குழந்தையோடு இருந்த பெண்.

மாலையில் ஒரு பதில் வந்திருந்தது. யாரோ, எந்த நாடோ தெரியாது. கோபமாக இல்லை, பொறுமையாகவே எழுதியிருந்தார்: "இது எழுதியவர் வாழ்ந்து பட்டது. அவருடைய வலியை அவருக்கே திருத்திச் சொல்லாதீர்கள்."

அதன் கீழே ஒரு சின்ன இதயம். பக்கத்தில் பொடி எழுத்தில், எழுதியவருக்கு இது பிடித்திருக்கிறது என்று இருந்தது.